அழுத்தம் எங்கே விழ வேண்டும்?

புதிதாக ஒரு மொழியைப் படைக்க முனைபவர்கள் பெரும்பாலும் எழுத்துகளில் தொடங்குகிறார்கள். பிறகு பெயர்ச்சொற்கள், வேற்றுமை உருபுகள், காலங்காட்டும் இடைநிலைகள் என்று கட்டடம் மெல்ல எழும்புகிறது. சொல்லின் எந்த அசையை ஓங்கி ஒலிப்பது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பலருக்கு வருவதே இல்லை. தமிழ் இலக்கியம் பயின்ற நமக்கு அது வராமலிருக்கக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. தமிழில் சொல்லழுத்தம் அகராதிப் பொருளை மாற்றுவதில்லை. ‘மரம்’ என்பதை முதலசையில் அழுத்தினாலும் ஈற்றசையில் அழுத்தினாலும் அது மரம்தான். கேட்பவர் நம்மை வெளியூர்க்காரர் என்று எண்ணக்கூடும், அவ்வளவே.

ஆயினும், ஒரு மொழிக்குள் யார் தயக்கமின்றி நுழையலாம், யார் வாசலிலேயே நிறுத்தப்படுவார் என்பதை இந்தச் சிறிய விதி தீர்மானித்துவிடுகிறது. நூல்களைவிட எங்கள் வகுப்பறையே இதை எங்களுக்கு அதிகம் கற்பித்தது.

முதுகலைத் தமிழில் மொழியியலும் ஒரு தாள். அதில் சொல்லழுத்தம் பற்றிய பாடம் வரும்போது நூல்கள் ஆங்கிலத்தையே எடுத்துக்காட்டும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதலசையில்; ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாமசையில்; ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாமசையில். எழுத்தைப் பார்த்து இதை அறிய எளிய வழியில்லை. பிறந்த வீட்டிலோ படித்த பள்ளியிலோ காதில் விழுந்திருக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டு வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு மௌனம் பரவும். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். ஒருமுறை ஒரு மாணவி அந்த மௌனத்தை உடைத்தார். ஒரு நேர்காணலில் ‘ஹோட்டல்’ என்று நம் ஊர் வழக்கப்படி முதலசையை ஓங்கிச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாமசைக்கு உரியது. எதிரே அமர்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்திருக்கிறார்கள். “சொல் தெரிந்திருந்தது ஐயா, பொருளும் தெரிந்திருந்தது. எங்கே தட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை” என்றார்.

அன்றே நாங்கள் பாடத்தை வேறு வழியில் நடத்துவதென்று முடிவு செய்தோம். அழுத்தத்தை ஆங்கிலத்திலிருந்து கற்பதற்குப் பதிலாக ஒரு சிறு மொழியை நாங்களே படைப்பது. அதன் அழுத்தவிதியையும் நாங்களே வகுப்பது. வகுப்பில் ‘பாகுபலி’ (2015) திரைப்படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கியை அறிந்தவர்கள் இருந்தார்கள். ஆகவே மொழியைப் படைக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். யாப்பில் நிரையசை இரண்டு உயிரொலிகளைக் கொள்ளும். மொழியியலில் அசை என்பது ஓர் உயிரொலியையே மையமாகக் கொண்டது. ‘மரம்’ யாப்பில் ஒரே நிரையசை, மொழியியலில் ம, ரம் என ஈரசை. இக்கட்டுரையில் இரண்டாவது பொருளையே கொள்கிறோம்.

*

முதலில் வந்த யோசனை எல்லாச் சொற்களிலும் முதலசையை அழுத்துவது. ஃபின்னிய மொழியும் ஹங்கேரிய மொழியும் அப்படித்தான். கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். சொல்லின் எல்லையைக் காட்டும் இப்பணியை மொழியியலாளர் துருபெத்ஸ்கோய் தனியே எடுத்துப் பேசியிருக்கிறார். பெரும்பான்மையினர் இதற்கே கை தூக்கினார்கள்.

வீட்டில் உருது பேசும் மாணவர் ஒருவர் மறுத்தார். “கிதாப் என்ற சொல்லை நீங்கள் ‘கி’யில் ஓங்குகிறீர்கள். எங்கள் வீட்டில் ‘தாப்’தான் ஓங்கும். முதலசை உங்களுக்கு எளிது என்பதால் கை தூக்குகிறீர்கள்” என்றார். அவர் சொன்னது சரி. தமிழ் வாய் இயல்பாகவே சொல்லின் முதலில் சற்று ஊன்றித் தொடங்கும். எங்கள் வகுப்பில் தெலுங்கும் சௌராஷ்டிரமும் வீட்டுமொழியாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். ஒரு விதி எளிது என்று சொல்லும்போது யாருக்கு எளிது என்றும் கேட்க வேண்டும் என்பது அந்த ஒரு மறுப்பினால் விளங்கியது. வாக்கெடுப்பைக் கைவிட்டு, நமக்கு முன்னால் மொழி படைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினோம்.

எஸ்பெராந்தோவை உருவாக்கிய ஸாமென்ஹாஃப் 1859இல் பியாலிஸ்டாக் நகரில் பிறந்தவர். இன்று போலந்தில் உள்ள அந்நகரம் அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. ரஷ்யம், போலிஷ், இத்திஷ், ஜெர்மன் ஆகிய மொழிகளைப் பேசியவர்கள் ஒரே தெருக்களில் ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்து வாழ்ந்த ஊர். அவர் அறிந்த ரஷ்ய மொழியில் அழுத்தம் எந்த அசையிலும் விழலாம். எழுதும்போது ஒன்றாகவே தோன்றும் ஒரு சொல்லை முதலசையில் அழுத்தினால் ‘கோட்டை’, இரண்டாமசையில் அழுத்தினால் ‘பூட்டு’. அதை வெளியார் மனப்பாடம் செய்துதான் தீர வேண்டும். ஸாமென்ஹாஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலில் இலக்கணம் முழுவதையும் பதினாறு விதிகளில் அடக்கினார். பத்தாவது விதி ஒரே வாக்கியம்: அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில். ஈற்றயல் என்ற சொல் நம் இலக்கணத்திலேயே ஆயத்தமாக இருப்பதைக் கண்டு மாணவர்கள் மகிழ்ந்தார்கள்.

இவ்விதியில் விலக்கே இல்லை. ‘நம்பிக்கை’யைக் குறிக்கும் எஸ்பேரோ என்ற சொல்லில் ‘பே’ ஓங்கும். ‘நம்புகிறவர்’ என்று பொருள்தரும் எஸ்பெராந்தோவில் ‘ராந்’ ஓங்கும். விகுதி சேரச் சேர அழுத்தம் நகர்ந்துகொண்டே போகும்; ஆனால் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். பிறப்பால் அதை அறிந்தவர், அறியாதவர் என்ற பிரிவு இல்லை. நேர்காணலுக்குச் சென்று வந்த மாணவி இவ்விதியைக் கேட்டவுடன், “இதையே வைத்துக்கொள்வோம் ஐயா. இதில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது” என்றார்.

ஈற்றயல் அழுத்தம் போலிஷ் மொழியின் வழக்கம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வகையில் ஸாமென்ஹாஃபின் அண்டை வீட்டாருக்கு அது எளிதாக இருந்திருக்கும். உருது பேசும் மாணவர் இதைக் குறித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். முற்றிலும் நடுநிலையான விதி எங்கும் கிடைக்காது போலும். எவருக்கும் மறைவில்லாத விதி கிடைக்கும், அதுவே பெரிது.

*

எதிர்ப்பு கவிதை எழுதும் மாணவரிடமிருந்து வந்தது. எல்லாச் சொற்களும் ஒரே இடத்தில் ஓங்கினால் பேச்சு தறியோசைபோல ஆகிவிடும் என்றார் அவர். வரியின் இறுதியில் ஓங்கிய அசை ஒருபோதும் நிற்காது. ஒவ்வொரு வரியும் தணிந்தே முடியும். இக்குறை எஸ்பெராந்தோக் கவிஞர்களுக்கும் புலப்பட்டிருக்க வேண்டும். அவர்களுக்கு உதவியது பதினாறாவது விதி. பெயர்ச்சொல்லின் இறுதி உயிரைக் கெடுத்து எழுதலாம் என்கிறது அது. எஸ்பேரோ, ‘எஸ்பேர்’ என்று நிற்கும். அழுத்தம் இருந்த இடத்திலேயே இருப்பதால் இப்போது அது ஈற்றசை. நம் புணரியலில் உயிர் கெடுவதை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கடுமையான விதிக்குள் கவிஞர்கள் நுழைந்து செல்ல ஒரு சாளரம்.

சாளரம் போதாது, கதவே வேண்டும் என்றார் கவிஞர். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கினை அதற்காகத்தான் வகுப்புக்குள் அழைத்து வந்தோம். மொழி படைப்பது அவருக்குச் சிறுவயது முதல் இருந்த அந்தரங்கப் பழக்கம். 1931இல் ஓர் உரையில் அதை வெளிப்படையாகவே பேசினார். ‘மோதிரங்களின் தலைவன்’ நாவலின் மூன்றாம் பாகம் 1955இல் வெளிவந்தபோது, அதன் பின்னிணைப்பில் தம் மொழிகளின் ஒலிப்புவிதிகளைத் தந்தார். ஈரசைச் சொல்லில் பெரும்பாலும் முதலசை ஓங்கும். நீண்ட சொற்களில் ஈற்றயல் அசை கனமானதாக இருந்தால் அது ஓங்கும். இலேசானதாக இருந்தால் அதற்கு முந்தைய அசை ஓங்கும். நெடிலையோ கூட்டுயிரையோ கொண்ட அசையும், ஒற்றால் அடைபட்ட அசையும் கனமானவை. எலென்தாரியில் ‘தா’ ஓங்கும். லெகொலஸில் நடுவசை ‘கொ’ இலேசானது. ஆகவே ‘லெ’ ஓங்கும். இஸில்துரில் ‘ஸில்’ ஒற்றடைத்த அசை, அதனால் அதுவே ஓங்கும்.

இது இலத்தீனின் விதி. குவென்யா என்னும் தம் மொழியின் ஓசையழகை டோல்கின் பெரிதும் ஃபின்னிய மொழியிலிருந்து பெற்றவர். ஆனால் ஃபின்னியத்தின் முதலசை அழுத்தத்தை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று பின்னிணைப்பைப் படித்த நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம். பெயர்களைத் தொடர்ந்து உரக்கச் சொல்லிப் பார்த்தபோது விடை கிடைத்தது போலிருந்தது. ஒரு பெயர் முதலில் ஓங்குகிறது, அடுத்தது நடுவில் ஓங்குகிறது. அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. இருந்தும் எந்த அலை எங்கே உயரும் என்பதைச் சொல்லின் முகமே சொல்லிவிடுகிறது. மாணவி கேட்ட ‘யாரும் சிரிக்க முடியாமை’யும் கவிஞர் கேட்ட ஏற்ற இறக்கமும் ஒரே விதிக்குள் அமர்ந்திருந்தன.

*

சிக்கல் அதன்பிறகுதான். எங்கள் மொழியில் ‘மழை’க்கு சலூமி என்று பெயரிட்டிருந்தோம். ஈற்றயல் ‘லூ’ நெடில், ஆகவே ஓங்கும். ‘ஆறு’ நெரிமா, ‘ரி’ குறில், ஆகவே ‘நெ’ ஓங்கும். ‘நினைவு’க்கு மெரந்தா என்ற சொல் இருந்தது. இதில் ஈற்றயல் ‘ரந்’. குறில் ஒரு மாத்திரை, ஒற்று அரை மாத்திரை, ஆக ஒன்றரை. இது கனமா, இலேசா?

இலத்தீனும் டோல்கினும் கனம் என்கிறார்கள். வடமொழி யாப்பும் அதைக் குரு என்றே கொள்கிறது. ஆனால் உலகில் எல்லா மொழிகளும் இதற்கு உடன்படுவதில்லை. மங்கோலியாவின் கல்கா மொழியில் நெடில் உள்ள அசை மட்டுமே கனமாகக் கருதப்படுகிறது. நம் யாப்பிலோ ‘க’வும் நேர், ‘கல்’லும் நேர், ஒற்றுக்கு அங்கே எடையில்லை. பாதி வகுப்பு ‘ரந்’தை ஓங்கியது, பாதி ‘மெ’யை ஓங்கியது. இரண்டு வாரங்கள் நினைவு என்ற சொல்லை இரண்டு விதமாகவே சொல்லிக்கொண்டிருந்தோம்.

தீர்ப்பு குற்றியலுகரத்திலிருந்து வந்தது. இலக்கண வகுப்பில் அதே மாணவர்கள் பலமுறை படித்த பகுதிதான். சொல்லின் ஈற்றில் வல்லின மெய்மேல் ஏறிய உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகும். நாடு, பந்து, பட்டு, மார்பு, எஃகு, வரகு ஆகிய எல்லாவற்றிலும் குறுகும். பசு, அது, நகு என்று தனிக்குறிலை அடுத்து வந்தால் குறுகாது. பள்ளியில் இதை வகைகளாக மனப்பாடம் செய்தோம். இப்போது மாத்திரைக் கணக்கோடு அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதினார் ஒரு மாணவி. நாடு: உகரத்துக்கு முன்னே இரண்டு மாத்திரை. வரகு: இரண்டு. பந்து, பட்டு, எஃகு: ஒன்றரை. பசு: ஒன்று. உகரம் குறுகுவதற்கு முன்னே ஒரு மாத்திரைக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றரையும் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன, ஒன்று மட்டும் தனியே நிற்கிறது. முன்னே போதிய கனம் இருந்தால் ஈறு தளரலாம். இல்லையென்றால் ஈறே நிமிர்ந்து நின்று சொல்லைத் தாங்க வேண்டும்.

வகுப்பு சிறிது நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லழுத்தம் பொருளை மாற்றாத ஒரு மொழியின் இலக்கணம், கனத்துக்கும் இலேசுக்கும் இடையில் கோட்டைத் தெளிவாகக் கிழித்து வைத்திருக்கிறது. அதை அழுத்தம் என்ற பெயரில் தேடியதால் இத்தனை காலம் நம் கண்ணில் படவில்லை. மெரந்தாவில் ‘ரந்’ ஓங்கும் என்று அன்று முடிவாயிற்று. அதற்கு இலத்தீனைச் சான்று காட்ட எவரும் நினைக்கவில்லை.

அழுத்தத்தைப் பொருள் வேறுபாட்டுக்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் எழுந்தது. ‘அவதார்’ (2009) திரைப்படத்துக்காக பால் ஃப்ரோமர் படைத்த நாவி மொழியில் அப்படி உண்டு. ‘துதே’ என்ற சொல்லை முதலசையில் அழுத்தினால் ‘ஆள்’. ஈற்றசையில் அழுத்தினால் ‘பெண்’. நம் மரபிலும் இதன் நிழல் இல்லாமலில்லை. எடுத்தல், படுத்தல், நலிதல் என்று ஓசை வேறுபாடுகளை நன்னூல் குறிப்பிடுகிறது. ‘வந்தான்’ போன்ற வினைமுற்றைப் படுத்தலோசையால் சொன்னால் அது பெயராகும் என்பது உரையாசிரியர்கள் எடுத்தாளும் வழக்கு. அழகான வசதிதான். ஆனால் அது வந்தவுடன் மனப்பாடமும் வந்துவிடும். மனப்பாடம் வந்தால் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பிரிவும் பின்னாலேயே வரும். இம்முறை கை தூக்கல் ஒருமனதாக இருந்தது: வேண்டாம்.

விதியை வகுத்துவிட்டால் நாக்கு கீழ்ப்படிந்துவிடும் என்பதும் இல்லை. 2011இல் தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்காக டேவிட் பீட்டர்சன் டோத்ராக்கி மொழியை விரிவாகக் கட்டியெழுப்பினார். அவருடைய விதிப்படி ‘காலீசி’ என்ற சொல்லில் முதலசை ஓங்க வேண்டும். திரையிலோ இரண்டாமசை ஓங்கியது. உலகமும் அப்படியே சொல்லத் தொடங்கியது. படைத்தவரின் இலக்கணத்தைவிடப் பேசுகிறவரின் வாய் வலியது. இயல்பு மொழிகளுக்கு ஆயிரம் ஆண்டுகளில் நேர்வது அந்தச் சொல்லுக்குச் சில வாரங்களில் நேர்ந்துவிட்டது.

எங்கள் விதியையும் வேற்று வாய்களில் சோதித்துப் பார்த்தோம். கணிதத் துறை மாணவர்கள் சிலரை அழைத்து, விதியை ஐந்து நிமிடம் விளக்கி, அவர்கள் கேட்டிராத சொற்களின் பட்டியலைக் கொடுத்தோம். நெரிமா ‘நெ’யில் ஓங்குகிறது, அதன் பன்மை நெரிமாந்த, ‘மாந்’தில் ஓங்குகிறது. தயங்கினார்கள், விரலால் எண்ணினார்கள், பிறகு சரியாகச் சொன்னார்கள். பிழையாகச் சொன்னவர்கள் தாங்களே திருத்திக்கொண்டார்கள். அதை அருகிலிருந்து கவனித்த மாணவி, நேர்காணலில் நேர்ந்ததைப் பற்றி இப்போது வேறு விதமாகப் பேசினார். “ஒரு மொழி தன் விதியை வெளியே காட்டாமல் வைத்திருந்தால், தெரியாதது கற்பவரின் குறையில்லை ஐயா” என்றார். அவர் ஆங்கிலத்தைக் கைவிடவில்லை. அழுத்தம் குறித்த அகராதி ஒன்றை வாங்கி, நாளுக்குப் பத்துச் சொல்லாகப் படித்து வருகிறார். கூச்சமின்றிப் படிக்கிறார் என்பதே எங்களுக்கு முக்கியம்.

அந்த மொழியில் இன்று இருநூறு சொற்கள்கூட இல்லை. அழுத்தவிதி மட்டும் அரைப் பக்கத்தில் முழுமையாக இருக்கிறது. அதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. சேய்மை விளியில் ஒலி அளவு கடந்து நீளும் என்பதைத் தொல்காப்பியம் அறியும். வயல்வரப்பின் அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடும்போது எந்த அசை கனம், எந்த அசை இலேசு என்று எந்தத் தாயும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஆகவே கடைசி வரியாக இப்படி எழுதினோம்: தொலைவில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது, அழைப்பவர் விரும்பிய அசையில் அழுத்தம் விழலாம்.